ஹைட்ராலிக் பிஸ்டன் எப்படி வேலை செய்யுது, எஞ்சின் பிஸ்டனுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்

கேள்வி இதுதான்: எஞ்சினுக்குள்ள ஓடற பிஸ்டனும், பொக்லைன் கைல பளபளன்னு உள்ள வெளிய போற ராமும் ஒரே மாதிரிதான் வேலை செய்யுதா, விரல் தடிமன் ஓஸ்ல வர்ற ஆயில் எப்படி டன் கணக்குல பாறைய தூக்குது? நல்ல கேள்வி. ரெண்டுக்கும் பிஸ்டன்னு ஒரே பேரு இருக்கறதால நெறைய பேருக்கு இங்கதான் குழப்பம் ஆரம்பிக்குது, நானும் மெயின்டனன்ஸ்ல பல வருஷமா இந்த ராம், பம்ப்பு, வால்வுன்னு கழட்டி மாட்டிட்டு இருக்கறதால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல ஒரு பொக்லைன எடுத்துக்கோங்க, அதுல மூணு விதமான பிஸ்டன் இருக்கு. டீசல் எஞ்சின்ல ஒரு பிஸ்டன், அது எரியற வாயு தள்ளி ஓடுது. அந்த எஞ்சின் சுத்தற பம்ப்புக்குள்ள சின்னச்சின்னதா ஏழோ ஒம்பதோ பிஸ்டன், அதெல்லாம் ஆயில தள்ளுது. கடைசியா கைல இருக்கற ராமுக்குள்ள ஒரு பிஸ்டன், அத ஆயில் தள்ளுது. டேங்க்ல ஊத்தின டீசல்ல இருக்கற சக்தி இந்த மூணு பிஸ்டன் வழியாத்தான் பக்கெட்டோட பல்லுக்கு வந்து சேருது. இதுல மூணாவதத்தான் பொதுவா ஹைட்ராலிக் பிஸ்டன்னு சொல்றோம்.

வாயுவ அமுக்கினா சுருங்கும், விட்டா விரியும். எஞ்சின் பிஸ்டன் பொழைப்பே அந்த விரியறதுலதான். 100 மில்லிமீட்டர் விட்டம் இருக்கற ஒரு டீசல் பிஸ்டன் மேல எரியற நேரத்துல 150 பார் (ஒரு பார்னா சதுர செமீக்கு சுமார் ஒரு கிலோ அழுத்தம்) பிரஷர் வந்தா அந்த கணத்துல கிட்டத்தட்ட 12 டன் அது தலைல உக்காரும், ஆனா பிஸ்டன் கொஞ்சம் கீழ எறங்கினதுமே வாயு விரிஞ்சு பிரஷர் சரசரன்னு கொறைஞ்சுடும். 2000 ஆர்பிஎம்ல ஓடற நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல ஒரு சிலிண்டருக்கு செகண்டுக்கு 16, 17 தடவ இந்த அடி விழுது, அத கனெக்டிங் ராடும் கிராங்க்கும் வாங்கி சுத்தற வேலையா மாத்துது. ஹைட்ராலிக் பிஸ்டனுக்கு இந்த அடி கெடையாது. அதே 100 மில்லிமீட்டர் விட்டத்துல 200 பார் ஆயில் விட்டா 16 டன் வரும், அந்த 16 டன் ஸ்ட்ரோக் ஆரம்பத்துலயும் அதேதான், நடுவுலயும் அதேதான், கடைசி மில்லிமீட்டர்லயும் அதேதான், நடுவுல நிறுத்தி ஒரு மணி நேரம் பிடிச்சு வைன்னாலும் வைக்கும். எஞ்சின் பிஸ்டன் சம்மட்டி அடி மாதிரின்னா இது தோள் குடுத்து தள்றது மாதிரி.

சரி, பலம் எங்கேருந்து வருது? பாஸ்கல்னு 17ம் நூற்றாண்டுல ஒரு பிரெஞ்சு அறிஞர், அவர் சொன்னது இதுதான்: மூடின பாத்திரத்துல இருக்கற திரவத்த ஒரு எடத்துல அமுக்கினா அந்த அழுத்தம் கொறையாம எல்லா பக்கமும் சமமா போகும். கார் ஜாக்கிய வச்சே பாப்போம். சின்ன பிஸ்டனோட பரப்பு 1 சதுர செமீ, பெரிய பிஸ்டனோடது 50 சதுர செமீன்னு வைங்க. நீங்க ஹேண்டில்ல 20 கிலோ அமுக்கறீங்க, ஹேண்டில் நெம்புகோல் மாதிரி அத பத்து மடங்காக்கி சின்ன பிஸ்டன் மேல 200 கிலோவா வைக்குது, ஆக ஆயில்ல ஒரு சதுர செமீக்கு 200 கிலோ அழுத்தம், அதே அழுத்தம் பெரிய பிஸ்டனோட 50 சதுர செமீலயும் தள்ளும்போது 10,000 கிலோ, அதாவது 10 டன். ஏதோ மாயம் மாதிரி தெரியும், ஆனா இதுக்கு வெல இருக்கு. சின்ன பிஸ்டன் ஒரு அமுக்குக்கு 2 செமீ போகுதுன்னா 2 சிசி ஆயில்தான் அந்தப்பக்கம் போகும், பெரிய பிஸ்டன் 1 செமீ ஏற 50 சிசி வேணும், அப்ப 25 தடவ அமுக்கணும். பலத்துல சம்பாதிச்சத தூரத்துல குடுத்தாகணும், இதுல யாரும் ஏமாத்த முடியாது.

இத வச்சு ஒரு உருப்படியான பிரஸ் பண்ணி 1795ல இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கினவர் ஜோசப் பிராமா. தத்துவம் தெரிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் ஏன் அதுவரைக்கும் வரலன்னா, லீக்தான். பிரஷர் ஏத்த ஏத்த ராடு பக்கமா தண்ணி பீச்சி அடிக்கும், இறுக்கி அடைச்சா ராடு நகராது. அதுக்கு தோல்ல கிண்ணம் மாதிரி ஒரு வாஷர் பண்ணி விட்டது அவர்கிட்ட வேலை பாத்த ஹென்றி மாட்ஸ்லேன்னு சொல்வாங்க. அந்த கிண்ணத்தோட உதட்டுக்குள்ள தண்ணி பூந்து உதட்ட விரிச்சு ராடோட ஒட்டி அமுக்கும், பிரஷர் ஏற ஏற இன்னும் இறுக்கமா ஒட்டும், பிரஷர் விட்டா தளரும். எனக்கு இந்த யோசனை ரொம்ப பிடிக்கும், ஏன்னா இன்னிக்கும் ராமுக்குள்ள போடற பாலியூரித்தேன் சீல் இதே வேலையத்தான் செய்யுது. எஞ்சின் பிஸ்டன் ரிங்கு கூட அப்படித்தான், ரிங்கோட சொந்த விறைப்பு கொஞ்சம்தான், எரியற வாயு ரிங்குக்கு பின்னாடி காடில பூந்து அத சிலிண்டர் சுவத்தோட தள்ளி ஒட்ட வைக்குது. தேஞ்ச சீல் உள்ள ராம் சில சமயம் லோடு இருக்கும்போது ஒழுகாம, சும்மா நிக்கும்போது சொட்டறதுக்கும் இதான் காரணம்.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நெனைக்கற விஷயம், வேலைக்கு புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்றது: பம்ப்பு பிரஷர் பண்றதில்ல, ஓட்டத்தத்தான் பண்ணுது. பிரஷர் வர்றது லோடுலேருந்து. பம்ப்போட வாய ஒரு வாளிக்குள்ள தொறந்து விட்டா நிமிஷத்துக்கு 40 லிட்டர் கொட்டும், கேஜ்ல ஒண்ணும் காட்டாது. அதே ஆயில ராமுக்கு விட்டு வெறும் ராமா நீட்டினா கேஜ்ல பத்து பதினஞ்சு பார் காட்டும், அதுவும் பைப்பு உராய்வுக்கும் சீல் உராய்வுக்கும்தான். லோடு மாட்டினா அந்த லோட தள்ள எவ்ளோ வேணுமோ அவ்ளோ ஏறும், 80 பார் போதும்னா 80ல நிக்கும். ராம் முட்டி நின்னு போச்சுன்னா ஆயிலுக்கு போக எடம் இல்ல, அப்ப பிரஷர் கிடுகிடுன்னு ஏறும், பைப்பு வெடிக்கறதுக்கு முன்னாடி ரிலீஃப் வால்வு தொறந்து டேங்குக்கு திருப்பி விடும்.

இது புரிஞ்சா பாதி ரிப்பேர் புரிஞ்ச மாதிரி. மிஷின் மெதுவா போகுதுன்னா ஓட்டத்துல கொறை, அதாவது பம்ப்பு தேஞ்சிருக்கும், ஃபில்டர் அடைச்சிருக்கும், எங்கேயோ உள்ள கசியும். வேகம் சரியா இருக்கு ஆனா தூக்க மாட்டேங்குதுன்னா பிரஷர் ஏறாம எங்கயோ வழி விடுது, ரிலீஃப் செட்டிங் பாக்கலாம். மெதுவா போற மிஷினுக்கு ரிலீஃப் வால்வ திருகி ஏத்தறவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, வேகம் ஒரு துளி கூடாது, ஓஸும் பம்ப்பும்தான் சாகும்.

ராமுக்குள்ள என்னென்ன இருக்குன்னா, பேரல்னு சொல்ற குழாய், உள்ளபக்கம் கண்ணாடி மாதிரி ஹோனிங் பண்ணியிருப்பாங்க, அதுக்குள்ள பிஸ்டன், பிஸ்டனோட சேந்து வெளிய வர்ற குரோம் போட்ட ராடு, ராடு வெளிய வர்ற எடத்துல கிளாண்டுங்கற மூடி. பிஸ்டன்ல ஒரு சீலும் வழிகாட்டற பட்டையும் இருக்கும், இரும்பும் இரும்பும் உரசாம இருக்கத்தான் அந்த பட்டை. கிளாண்டுல ராடு சீல், அதுக்கு வெளிய வைப்பர். இந்த வைப்பர்தான் ராடுல ஒட்டின மண்ண வழிச்சு வெளிய தள்றது, விலை கம்மியான சாமான், ஆனா அது கிழிஞ்சத கவனிக்காம விட்டா மண்ணு உள்ள போய் ராடு சீல அறுத்து பேரல கீறி பம்ப்பு வரைக்கும் போயிடும்.

டபுள் ஆக்டிங் ராம்ல ரெண்டு பக்கமும் ஆயில் போகும், நீட்டறதும் ஆயில் மடக்கறதும் ஆயில். ஆனா ரெண்டு பக்கமும் பலம் ஒண்ணு இல்ல, ஏன்னா ஒரு பக்கம் ராடு எடத்த அடைச்சுக்குது. அந்த 100 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு 56 மில்லிமீட்டர் ராடுன்னு வைங்க. நீட்டும்போது பரப்பு 78.5 சதுர செமீ, 200 பார்ல 16 டன். மடக்கும்போது பரப்பு சுமார் 54 சதுர செமீதான், 11 டன். வேகம் பாத்தா தலைகீழ், நிமிஷத்துக்கு 40 லிட்டர் விட்டா நீட்டறது செகண்டுக்கு 8.5 செமீ, மடக்கறது 12.4 செமீ. பலம் எங்க கொறையுதோ அங்க வேகம் கூடும். டிப்பர் லாரி ராமுல பெரும்பாலும் சிங்கிள் ஆக்டிங், ஒண்ணுக்குள்ள ஒண்ணா மடிஞ்ச அடுக்கு ராம், ஏத்தறதுக்கு ஆயில், இறக்கறதுக்கு பெட்டியோட சொந்த கனமே போதும்.

பம்ப்புக்குள்ள இருக்கற அந்த ஏழு ஒம்பது பிஸ்டனையும் சொல்லிடறேன். ஒரு உருளைல சுத்தி வட்டமா துளை போட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு பிஸ்டன், அதோட குதிகால் சாஞ்ச ஒரு தட்டு மேல உரசிக்கிட்டே சுத்தும், தட்டு சாஞ்சிருக்கறதால சுத்தும்போது ஒவ்வொரு பிஸ்டனும் உள்ள போய் வெளிய வரும், வெளிய வரும்போது ஆயில இழுக்கும், உள்ள போகும்போது தள்ளும். ஸ்வாஷ் பிளேட்னு அந்த தட்டுக்கு பேரு. அழகு என்னன்னா தட்ட நிமித்தினா ஸ்ட்ரோக் கொறையும், நேரா நிமித்திட்டா எஞ்சின் முழு வேகத்துல சுத்தினாலும் ஓட்டம் பூஜ்யம். வேலைக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் தள்ளும், மிச்சத்த சூடாக்கி வீணாக்காது. ஒத்தப்படைல ஏன் வைக்கறாங்கன்னா ஓட்டத்துல வர்ற துடிப்பு இரட்டைப்படைய விட கம்மியா இருக்கும்.

ஆயில் சுருங்கவே சுருங்காதுன்னு எல்லாரும் சொல்வாங்க, அது கிட்டத்தட்டதான் சரி. 200 பார்ல ஆயில் சுமார் ஒண்ணு ஒண்ணரை சதவீதம் சுருங்கும். சின்ன ராம்ல தெரியாது, பெரிய பிரஸ்ல நூத்துக்கணக்கான லிட்டர் இருக்கும்போது அந்த சுருங்கின ஆயில்ல ஸ்பிரிங் மாதிரி சக்தி ஏறி நிக்கும், வால்வ சட்டுன்னு தொறந்தா டமார்னு பைப்பே குலுங்கும், அதனால முதல்ல மெதுவா பிரஷர வடிச்சுட்டுதான் தொறக்க வைப்பாங்க. ஆனா ஆயிலோட காத்து கலந்தா எல்லாம் போச்சு, காத்து நல்லா சுருங்கும், அப்ப ராம் விட்டுவிட்டு நகரும், பம்ப்பு கத்தும். பிரேக் பெடல் மெத்துன்னு உள்ள போறதும் இதே கதைதான், லைன்ல காத்து இருக்கு இல்லன்னா பிரேக் ஆயில் ஈரத்த இழுத்து, மலை இறக்கத்துல சூடாகி கொதிச்சு ஆவியாயிடுச்சு. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினப்புறம் 155 தாங்கினாலே போதும்னுதான் விதி. பிரேக் ஆயில ஏன் காலாகாலத்துல மாத்த சொல்றாங்கன்னா இதுக்குத்தான்.

எஞ்சினுக்குள்ளயே ஹைட்ராலிக் பிஸ்டன் இருக்கான்னா இருக்கு, கண்ணுக்கு தெரியாம. பல எஞ்சின்கள்ல கேம் அமுக்கறத வால்வுக்கு கடத்த ஹைட்ராலிக் டேப்பட் வச்சிருப்பாங்க. ஒரு கிண்ணத்துக்குள்ள சின்ன பிஸ்டன், அடில ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு வால்வு. எஞ்சின் வால்வு மூடியிருக்கற நேரத்துல ஸ்பிரிங் பிஸ்டன தூக்கி இடைவெளிய அடைக்கும், எஞ்சின் ஆயில் உள்ள வந்து நெறையும், கேம் அமுக்கும்போது குண்டு அடைச்சுக்கும், மாட்டின ஆயில் இரும்பு மாதிரி நிக்கும், வால்வு தொறக்கும். டேப்பட் கிளியரன்ஸ் வைக்கற வேலையே இல்ல. காலைல ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் டிக் டிக்னு சத்தம் வந்து அடங்குதுன்னா ராத்திரில அதுல ஆயில் வடிஞ்சிருக்குன்னு அர்த்தம், அடங்காம வந்துட்டே இருந்தா ஆயில் அளவும் ஆயில் பிரஷரும் பாருங்க.

இன்னொன்னு, எஞ்சின் பிஸ்டன் தெரியாத்தனமா ஹைட்ராலிக் பிஸ்டன் ஆயிடற சம்பவம். வெள்ளத்துல வண்டிய ஓட்டி ஏர் ஃபில்டர் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிடுது. 500 சிசி சிலிண்டர், கம்ப்ரஷன் 15க்கு 1ன்னா பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கற எடம் 36 சிசிதான், உள்ளங்கைல அடங்கற தண்ணி. அதுக்கு மேல தண்ணி இருந்தா அமுங்க மாட்டேங்கும், பின்னாடி கிராங்க் விட மாட்டேங்கும், நடுவுல மாட்டின கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். தண்ணில நின்ன வண்டிய திரும்ப செல்ஃப் அடிக்காதீங்கன்னு சொல்றது இதனாலதான், பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழட்டிட்டு கையால சுத்தி தண்ணிய வெளியேத்தினப்புறம்தான் மத்த பேச்சு.

தொழிற்சாலை பக்கம் வந்தா பிளாஸ்டிக் மோல்டிங் மிஷின்ல அச்சு தொறக்காம பிடிக்கறது, கப்பல்ல சுக்கான் திருப்பறது, விமானத்துல சக்கரத்த இறக்கறது எல்லாம் இதே பிஸ்டன்தான். விமானத்துல வழக்கமா 3000 பிஎஸ்ஐ (சுமார் 207 பார்), ஏர்பஸ் ஏ380ல 5000, பிரஷர் கூட இருந்தா ராமும் பைப்பும் சின்னதா வைக்கலாம், கனம் மிச்சம். லண்டன் டவர் பிரிட்ஜ் 1894ல திறந்தப்ப நீராவில ஓடின பம்ப்பும் தண்ணியும் வச்சுத்தான் பாலத்த தூக்கினாங்க, 1970கள்லதான் ஆயிலுக்கும் கரண்டுக்கும் மாத்தினாங்க. அமெரிக்கால கிளீவ்லண்ட்ல 50,000 டன் ஃபோர்ஜிங் பிரஸ் 1955லேருந்து இருக்கு, அதுலயும் நடக்கறது மேல நாம ஜாக்கில போட்ட அதே கணக்குதான்.

இப்ப நெறைய பேர் தப்பா புரிஞ்சிருக்கற ஒண்ணு. தூக்கி நிறுத்தின ராம் தானா மெதுவா இறங்குது, உடனே பிஸ்டன் சீல் போச்சுன்னு ராம கழட்டிடறாங்க. நான் வேலை பாத்த ஒரு எடத்துல ஒரே ராமுக்கு ரெண்டு தடவ சீல் மாத்தியும் இறங்கறது நிக்கல, கடைசில பாத்தா கண்ட்ரோல் வால்வுக்குள்ள முன்ன பின்ன நகந்து ஆயில திருப்பி விடற தண்டு, ஸ்பூல்னு சொல்வோம், அது தேஞ்சு கசிஞ்சிருக்கு. யோசிச்சு பாருங்க, லோடு மேலேருந்து ராம அமுக்குது, ஆயில் போக வர இருக்கற ரெண்டு போர்ட்டும் அடைச்சிருக்கு, பிஸ்டன் சீல் சுத்தமா இல்லன்னே வைங்க. பிஸ்டன் கீழ இறங்கணும்னா கீழ இருக்கற ஆயில் மேல போகணும், மேல ராடு எடத்த அடைச்சிருக்கறதால அவ்ளோ ஆயிலுக்கு எடமே இல்ல. அதனால கொஞ்சூண்டு இறங்கி நின்னுடும். ஆனா அப்ப லோட தாங்கற பரப்பு ராடோட பரப்பு மட்டும்தான், நம்ம கணக்குல 24.6 சதுர செமீ, 80 பார்ல நின்ன லோடு 255 பார் ஆயிடும், மேல் பக்க ஓஸுக்கு அது ஆபத்து. தொடர்ந்து இறங்குதுன்னா ஆயில் எங்கயோ வெளிய போய்ட்டிருக்கணும். கண்டுபிடிக்கறதுக்கு, லோடு தாங்கற பக்கத்து லைன்ல மூடற வால்வு இருந்தா அத மூடிட்டு பாருங்க, இறங்கறது நின்னா குத்தம் கண்ட்ரோல் வால்வுல, நிக்காம இறங்கினா ஆயில் பிஸ்டன் சீல தாண்டி மேல் பக்கம் போய் அந்தப்பக்க லைன் வழியா வெளிய போகுது, அப்பதான் சீல சந்தேகப்படணும். லோடு ராடுல தொங்கி இழுக்கற அமைப்புன்னா கதை வேற, அங்க சீல் போனாலே இறங்கும், ஆயில் ராடு பக்கத்துலேருந்து தாராளமா அந்தப்பக்கம் போயிடும்.

ஸ்பூல் ஏன் தேயுதுன்னா பெரும்பாலும் தூசி. ஸ்பூலுக்கும் உடம்புக்கும் நடுவுல சில மைக்ரான்தான் இடைவெளி, நம்ம தலமுடி 70 மைக்ரான் சுமாருக்கு இருக்கும், அப்ப கண்ணுக்கு தெரியற அழுக்குன்னாலே அது அங்க பாறாங்கல்லு. டின்னுலேருந்து வர்ற புது ஆயில் கூட சுத்தம்னு நம்பாம ஃபில்டர் வழியாத்தான் ஊத்தணும். சூடும் அப்படித்தான், 80 டிகிரிய தாண்டி ஓடிட்டே இருந்தா சீல் விறைச்சு ஆயில் மெலிஞ்சு எல்லா எடத்துலயும் உள்கசிவு கூடும், உள்கசிவு இன்னும் சூடாக்கும்.

கடைசியா ஒண்ண கட்டாயம் சொல்லணும், ஏன்னா இதுல விரல் போனவங்க இருக்காங்க. ஓஸ்ல ஊசி முனை ஓட்டை விழுந்து பனி மாதிரி ஆயில் அடிச்சா அத கையால தடவி தேடாதீங்க, அந்த பிரஷர்ல ஆயில் தோல துளைச்சு உள்ள போயிடும். அட்டைய நீட்டி தேடுங்க. அப்படி உள்ள போனா முதல்ல வலி பெருசா தெரியாது, ஒரு சின்ன புள்ளிதான் தெரியும், அதனாலதான் வீட்டுக்கு போய் படுத்துடறாங்க, உள்ள சதை அழுக ஆரம்பிச்சுடும். நேரா ஆஸ்பத்திரிக்கு போய் ஹை பிரஷர் ஆயில் உள்ள போயிருக்குன்னு அந்த வார்த்தையவே சொல்லுங்க, சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் தேவைப்படற காயம் அது. எஞ்சின் ஆஃப் பண்ணிட்டா பிரஷர் போயிடுச்சுன்னும் நெனைக்காதீங்க, தூக்கின பக்கெட்டும், பிரஷரோட ஆயில சேத்து வைக்கற கலமான அக்யுமுலேட்டரும் பிடிச்சு வச்சிருக்கும், பக்கெட்ட தரைல இறக்கி, எஞ்சின நிறுத்தி, லிவர எல்லா பக்கமும் ஆட்டி, அக்யுமுலேட்டர் இருந்தா அத வடிச்சுட்டு, அப்புறம் ஸ்பானர எடுங்க. கார் ஜாக்கியும் அப்படித்தான், ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடில போகாதீங்க, ஸ்டாண்டு வச்சுட்டு போங்க, உங்க மேல வண்டி விழாம பிடிச்சிட்டிருக்கறது ஒரு சின்ன ரப்பர் சீலும் ஒரு மிளகளவு எஃகு குண்டும்தான், அந்த குண்டுக்கு கீழ ஒரு துளி மண்ணு மாட்டினா அது அடைக்காது.